ஏஜென்ட் வருகிறார், சல்யூட் அடியுங்கள்

நாகர்கோவில்காரர்கள் இனி இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கண்டதும் அடுத்த சந்துக்குள் நுழையக் கூடாது. வடசேரியிலும் செட்டிகுளத்திலும் ஸ்கூட்டரில் நம்மைத் துரத்தி வருகிறவர் நாளைய ராணுவ மேதையாக இருக்கலாம்.

அமெரிக்காவின் டாம் கிளான்சியைப் பாருங்கள். மேரிலாந்தில் இன்சூரன்ஸ் விற்றவர். கிட்டப்பார்வையால் ராணுவத்துக்குப் போக முடியவில்லை. நல்லதாயிற்று, போயிருந்தால் போரைப் பற்றி எழுத நேரம் ஏது? 1984-இல் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை வைத்து ‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ நாவலை எழுதினார். ஜனாதிபதி ரீகன் புகழ்ந்தார், விற்பனை பறந்தது. 1986-இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவைச் சந்தித்துத் திரும்பிய ரீகன், ரஷ்யர்களைப் புரிந்துகொள்ள கிளான்சியின் ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ படிக்கும்படி பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கே சிபாரிசு செய்தார். உளவுத்துறைக்குக் கொட்டும் பணம் எவ்வளவு மிச்சம்!

நாம் என்ன இளைத்தவர்களா? 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட அவர்கள் தளபதி டிலனாயைக் கொண்டே தம் படைக்குப் பயிற்சி கொடுத்தார் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. பாவம், ஒரு நாவல்கூடப் படிக்காமல் ஜெயித்திருக்கிறார். அந்தக் குறை இனி வேண்டாம். முப்படைத் தளபதிகளும் லெண்டிங் லைப்ரரியில் சந்தா கட்டட்டும். பிரீமியம் நோட்டீசின் பின்பக்கத்தில் போர்த் திட்டம் அச்சாகட்டும்.

கிளான்சி 2013-இல் காலமானார். அதன் பிறகும் அவர் பெயர் தாங்கிய புது நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே, செத்த பிறகுதான் முழுப் பலனும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்புங்கள். பிரீமியத்தைத் தேதி தவறாமல் கட்டுங்கள்.