பானட்டைத் திறந்தவர்

கத்திரி வெயில் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை சென்னையின் எந்த அடுக்ககத்துக்குள் நுழைந்தாலும் ஒரு கார் பானட்டைத் திறந்தபடி நிற்கும். அதற்குள் இடுப்புவரை கவிழ்ந்திருப்பவர் மெக்கானிக் அல்ல, மாதச் சம்பளக்காரர். பழைய பனியன், நெற்றியில் கிரீஸ், கையில் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று குழாய்கள் தொங்கும் கேஜ் செட். வாரநாள்களில் இவர் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ இருப்பார். ஞாயிறன்று கார் ஏசிக்கு வைத்தியம் பார்ப்பார்.

மெக்கானிக்கிடம் போனால், காரைத் தொடுவதற்கு முன்பே, “கேஸ் இல்ல சார், டாப்-அப் பண்ணிடலாம்” என்று தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்பது இவர் கட்சி. அது நியாயமான கட்சிதான். ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோக அது ஒன்றும் பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த சித்திரைக்கு அதே கடைக்குத்தான் போகவேண்டும். இந்த உண்மை தெரிந்த நாளிலிருந்து இவருக்கு உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை குறைந்து, தன்மேல் இருந்த நம்பிக்கை கூடிவிட்டது.

எனவே ஜி.பி. ரோட்டுக்கு ஒரு நடை. கேஜ் செட், வேக்கம் பம்ப், டப்பாவை ஓட்டை போடும் வால்வு, கசிவைப் பச்சையாகக் காட்டும் சாயம், அதைப் பார்க்க ஊதா விளக்கு, மஞ்சள் கண்ணாடி. மெக்கானிக்கின் கூலியை மிச்சம்பிடிக்க வாங்கிய இந்தச் சாமான்களின் ரசீது பர்ஸின் உள்ளறையில், மனைவியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கேஸை எடை போட்டுத்தான் நிரப்பவேண்டும். எத்தனை கிராம் என்று பானட்டுக்கு உள்ளேயே ஒட்டியிருப்பார்கள். சின்ன காருக்கு அரைக்கிலோகூட வராது. அதனால் சமையலறைத் தராசும் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிட்டது. அன்று மாலை கேக்குக்கு மைதா கைக்கணக்கில்தான் போயிற்று.

இவருடைய முதல் மாணவர் வாட்ச்மேன். வேலையை விட்டு நகர முடியாதவர் என்பதால் பாடம் தடையில்லாமல் நடக்கும். “இந்த 134ஏ கேஸ் இருக்கே, மைனஸ் இருபத்தாறு டிகிரியிலயே கொதிச்சிடும். கைல பட்டா தோல் வெந்தமாதிரி ஆயிடும். ஆனா சூட்டுல இல்ல, குளிர்ல!” வாட்ச்மேன் ஓரடி பின்னால் போய் நிற்பார். பாடம் தொடரும்: கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கும், முன்னால் இருக்கும் கண்டன்சரில் அந்தச் சூடு காற்றுக்குப் போய், கேஸ் திரவமாகும், வால்வின் சிறு துளை வழியாகக் கூலிங் காயிலுக்குள் பாய்ந்து ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். எல்லாம் சரி. ஒரு பிழை கிடையாது. சிக்கலே அங்கேதான். பாடம் தெரிந்தவர் பழுதைப் பார்ப்பதில்லை, பாடத்தைத்தான் பார்க்கிறார்.

இந்தக் காரின் கோளாறை அவருடைய மனைவி புதன்கிழமையே ஒரே வரியில் சொல்லியிருந்தார். “என்னங்க, வண்டி ஓடறப்ப நல்லாத்தான் குளுருது. சிக்னல்ல நின்னாதான் அனலா வருது.”

“வெயில் அப்படி. உனக்கு அப்படித் தோணுது” என்றுவிட்டு அவர் கம்ப்ரசர் எண்ணெயின் வகைகளைப் பற்றிப் படிக்கப் போய்விட்டார்.

இப்போது குழாய்களை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு வேகத்தில் வைக்கிறார். நீல முள் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கிறது. சிவப்பு முள் ஏறிக்கொண்டே போகிறது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று கிளட்ச் விடுபட்டு, கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. அழுத்தம் மிஞ்சினால் தானாக நிறுத்தும் சுவிட்ச் தன் கடமையைச் செய்திருக்கிறது. அவர் முகத்தில் வெற்றிக்களை. “ஓவர்சார்ஜ்! போன வருஷம் அந்த ஆளு அளவுக்கு மேல ஏத்தியிருக்கான்!” உடனே வால்வைத் திறந்து கேஸை வெளியே விடுகிறார். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இந்தக் கேஸ் ஒரு கிலோ, கரியமில வாயு ஆயிரத்து நானூறு கிலோவுக்கு மேல் செய்கிற சூடாக்கும் வேலையைச் செய்யும். ஓசோனைக் காப்பாற்ற 1987இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு, பழைய ஆர்-12ஐ விரட்டி, அதன் இடத்துக்குக் கொண்டுவந்த கேஸ்தான் இது. ஓசோனுக்கு நல்லது, பூமிச் சூட்டுக்கு ஆகாது. இதே மனிதர் மொட்டைமாடியில் தொட்டி வைத்துக் கீரை வளர்ப்பவர், துணிப்பை இல்லாமல் கடைக்குப் போகாதவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, “தம்பி, கூலிங் காயில் அடைப்பா இருக்கும்” என்கிறார். மூன்றாம் மாடிக்காரர் காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைக் காட்டி, “அதான் லீக்!” என்கிறார். அது காற்றின் ஈரம் கூலிங் காயிலில் குளிர்ந்து வடிகிற வெறும் தண்ணீர் என்று விளக்குவதில் கால் மணி நேரம் போகிறது. வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இப்போது ஐசோபியூட்டேன்தான் ஓடுகிறது, அதுவும் சமையல் கேஸும் நெருங்கிய உறவு என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார். வெறும் தகவல்தான். ஆனாலும் மனைவி மாடியேறிப் போய் சிலிண்டர் இருக்கும் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

இந்த மனிதருக்கு ஏற்ற கார் ஒன்று வந்ததுண்டு. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி முதலில் விற்பனைக்கு வந்தது அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனத்தின் 1940ஆம் ஆண்டுக் கார். கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்றவேண்டும். விலையும் கூடுதல், மக்களுக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். நம்மவர் அந்தக் காரை வைத்திருந்தால் குளிர் கூடுகிறதென்ற சாக்கில் தினமும் இறங்கியிருப்பார்.

பிற்பகலில் வேலை சுத்தமாகவே நடக்கிறது. வேக்கம் பம்ப் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். அவசரக்கார மெக்கானிக்குகள் இதைத்தான் தாண்டிப்போவார்கள். பிறகு தராசில் டப்பாவை வைத்து, கிராம் பிசகாமல் கேஸ். மனைவி ஒரு சுற்றுப் போய்வருகிறார்.

“எப்படி?”

“ஓடறப்ப நல்லாத்தான் குளுருது. சிக்னல்ல நின்னாதான் அனலா வருது.”

அடுத்த பிளாக்கிலிருந்து சாவி வாங்க வந்த டிரைவர் ஒருவர் அந்தப் பக்கமாகப் போகிறார். ஏசி போட்ட நிலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் குனியக்கூட இல்லை. “சார், கண்டன்சர் ஃபேன் சுத்தல சார்” என்கிறார்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிரவைக்கும். நின்றுவிட்டால் விசிறிதான் கதி. விசிறி நின்றால் சூடு வெளியேறாது, அழுத்தம் ஏறும், சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும், அனல் வரும். காலையில் சிவப்பு முள் இதைத்தான் சொன்னது. அதற்கு முன்பே மனைவியும் சொன்னார். டிரைவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு ரிலேயைப் பிடுங்கி, பக்கத்தில் அதே மாதிரி இருந்த இன்னொன்றை அங்கே செருகுகிறார். விசிறி சுற்றுகிறது. “இது ஹாரனோடது சார். நாளைக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க.” காசு வாங்கிக்கொள்ளாமல் போய்விடுகிறார்.

“நான் கேஸ சரியா போட்டதாலதான் இப்ப இவ்ளோ குளிர்” என்று நம்மவர் கூட்டத்திடம் சொல்கிறார். யாரும் மறுக்கவில்லை.

திங்கள், செவ்வாய் அலுவலக வேலையில் ரிலே மறந்துபோகிறது. வியாழக்கிழமை மாலை மனைவி அண்ணா சாலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்கிறார். கார் ஜில்லென்று இருக்கிறது, ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. அவர் சிந்திக்கிறார். ஹாரன் பட்டன் ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே ஏர்பேக். ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ச்மேன் மறுபடி ஓரடி பின்னால் நிற்கிறார். “மொதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டணும். கழட்டிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். ஏன்னு கேளுங்க…”