வேலிக்கு எதுக்குங்க எர்த்?

கே: சப்ஸ்டேஷனில் கரன்ட் ஓடுவது கம்பியில். சுற்றிலும் இருக்கும் கம்பிவேலி சும்மாதானே நிற்கிறது? அதற்கு எதற்கு எர்த்?

ப: சும்மா நிற்பதால்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகிறவருக்குப் பயிற்சி உண்டு, கையுறை உண்டு, காலில் பூட்ஸ் உண்டு. வேலிப் பக்கம் வருகிறவர் யார்? சைக்கிளைச் சாய்த்து வைக்கும் பையன், ஈரத்துணி காயப்போடும் அம்மா, அவசரத்துக்கு ஒதுங்கும் பெரியவர். அறுந்த லைன் வேலிமேல் விழுந்தால் கரன்ட் தாராளமாகத் தரைக்குள் பாய வழி வேண்டும். பாய்ந்தால்தான் ரிலே விழித்துக்கொண்டு பிரேக்கரைத் தட்டிவிடும். வழி இல்லாவிட்டால் அந்தப் பையனே வழியாகிவிடுவான்.

கே: எர்த் போட்டாயிற்று. இனி வேலியில் வோல்டேஜ் பூஜ்யம்தானே?

ப: அப்படி நம்புகிறவர்களில் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஃபால்ட் நேரத்தில் 5,000 ஆம்பியர் தரைக்குள் இறங்குகிறது, எர்த் மேட்டின் (நிலையத்துக்கு அடியில் புதைத்த கம்பி வலையின்) தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 5,000 வோல்ட்! பிரேக்கர் திறக்கும்வரை, நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, நிலையத்தின் இரும்பு முழுதும் அந்த உயரத்தில் நிற்கும். மேட்டோடு சேர்ந்திருந்தால் வேலியும்தான்.

ஆனால் ஆளைக் கொல்வது உயரமில்லை, வித்தியாசம். மின்கம்பியில் காக்கை தைரியமாக உட்காருவது, அதன் இரண்டு காலுக்கும் ஒரே அழுத்தம் என்பதால். உங்கள் கை வேலியிலும் கால் வெளித்தரையிலும் இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உங்கள் நெஞ்சு வழியாகப் போகும். தொடு மின்னழுத்தம் என்பது அதைத்தான்.

கே: அப்படியானால் வேலியை மேட்டோடு சேர்க்காமல் விட்டுவிடலாமே?

ப: விடலாம், ஒழுங்காக விட்டால். உலகத்தில் இரண்டு கட்சி உண்டு. பிரிட்டன் வழக்கத்தில் வேலிக்குத் தனி எர்த் ராடு. மேட்டோடு சேர்ந்த எதற்கும் வேலிக்கும் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி, ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டையும் தொட முடியாதபடி. அமெரிக்காவில் ஐ.இ.இ.இ. 80 என்ற கையேட்டைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் வேலிக்கு வெளியே ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளி இன்னொரு கம்பியைச் சுற்றிலும் புதைத்து, அதையும் மேட்டோடு இணைப்பார்கள். வெளியே நிற்பவரின் காலடி மண்ணும் வேலியோடு சேர்ந்து உயரும், வித்தியாசம் சுருங்கும்.

இடம் நெருக்கமான நம் ஊர்களில் சேர்ப்பதே மேல் என்பது என் கட்சி. 2 மீட்டரை விட்டுவைக்க இங்கே யாருக்கு மனசு வரும்? இரண்டும் கெட்டான்தான் ஆபத்து. தனியாக விட்ட வேலியில் யாரோ ஒரு விளக்கை மாட்டி, உள்ளேயிருந்து கவசக் கேபிள் இழுத்துவிடுவார். வரைபடத்தில் பிரிந்திருக்கும் வேலி, நிஜத்தில் சேர்ந்திருக்கும். வெளியே புதைத்த கம்பியும் இருக்காது.

கே: உள்ளே ஜல்லி கொட்டியிருக்கிறார்களே, புல் முளைக்காமல் இருக்கவா?

ப: அதுவும் ஒரு லாபம். ஆனால் ஜல்லி காலுக்கடியில் போட்ட காப்பு. 50 கிலோ எடையுள்ள ஒருவர், ஃபால்ட் அரை நொடி, சாதாரண மண் என்றால் அதே ஐ.இ.இ.இ. கணக்குப்படி தாங்கக்கூடிய தொடு மின்னழுத்தம் சுமார் 190 வோல்ட். 10 சென்டிமீட்டர் நல்ல ஜல்லி போட்டால் சுமார் 680. வேலிக்கு வெளியேயும் ஒரு மீட்டர் ஜல்லி கேட்பது இதனால்தான். வீடு கட்டுகிறவர்கள் அதை அள்ளிக்கொண்டு போகாமல் இருந்தால் புண்ணியம்.

கே: கேட் கீல் இரும்புதானே? அதற்கு ஏன் தனியாகச் செம்புப் பின்னல்?

ப: கீலில் இருப்பது துரு, பெயின்ட், கிரீஸ். மூன்றும் கரன்ட்டுக்கு நண்பர்கள் இல்லை. வெளிப்பக்கம் திறக்கும் கேட் என்றால் இன்னொரு வம்பு: திறந்த கேட், புதைத்த கம்பியைத் தாண்டிப் போய் நிற்கும். ஒன்று அந்த வீச்சையும் தாண்டிக் கம்பி போடுங்கள், அல்லது கேட்டை உள்பக்கம் திறக்க வையுங்கள். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

கே: என் தோட்டத்துக் கம்பிவேலியை சப்ஸ்டேஷன் வேலியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஒரு பக்கம் செலவு மிச்சம்!

ப: மேலே சொன்ன 5,000 வோல்ட்டை இலவச இணைப்பாக வாங்கியிருக்கிறீர்கள். அங்கே வெளிக்கம்பியும் ஜல்லியுமாவது உண்டு. உங்கள் தோட்டத்து மூலையில் ஒன்றும் கிடையாது. இன்றே பிரித்துவிடுங்கள். இடையில் சில மீட்டர் செங்கல் சுவர் எழுப்புங்கள், அதன்மேல் முள்கம்பி ஓட்டாமல்.

கே: மாட்டுக்கும் இதே கணக்கா?

ப: மாட்டுக்கு மோசம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். வேலியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் நின்றாலே போதும்.

கே: எர்த் பிட்டில் உப்பும் கரியும் போட்டாயிற்று. போதுமா?

ப: உப்பு மழையில் கரைந்துபோகும், போவதற்குள் இரும்பையும் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். சித்திரை வெயிலில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். ஐப்பசியில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தே.

கே: வேலியில் எர்த் சரியாக இருக்கிறதா என்று லேசாகத் தொட்டுப் பார்க்கலாமா?

ப: முடிவைச் சொல்ல நீங்கள் இருக்க வேண்டுமே! தவிர, தொட்டாலும் தெரியாது. திருடன் செம்பை வெட்டிக்கொண்டு போன மறுநாளும் ஊரில் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். ஃபால்ட் வரும் நாளில்தான் வெட்டியது வெளியே வரும். வேலித் தூணில் எர்த் பட்டை அறுந்து தொங்குவதைக் கண்டால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள்: 94987 94987.