பியூரெட்டும் இறால் குட்டையும்

அப்போதெல்லாம் மணமேல்குடியிலிருந்து கல்லூரிக்குப் போக அறந்தாங்கியில் பஸ் மாறிப் புதுக்கோட்டை சேர வேண்டும். முதலாண்டு வேதியியல் செய்முறையில் சோடியம் கார்பனேட் கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்ப்போம். பிப்பெட்டில் வாய் வைத்துத்தான் 20 மில்லி உறிஞ்சினோம். இன்று ரப்பர் பல்பு வந்துவிட்டது, நல்லதே. மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு. மஞ்சள் மாறிச் சிவப்புச் சாயல் தட்டியதும் பியூரெட்டை மூட வேண்டும். அளவுகள் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம். அப்புறம் கிளார்க்ஸ் டேபிளும் மடக்கையுமாகப் பக்கங்கள் நிரம்பும்.

இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று ஊரில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. எங்கள் கரையின் பிழைப்பு வலையும் படகும். அமிலத்துக்கு அங்கே என்ன வேலை?

வேலை பிறகு வந்தது. 2009-ல் வனாமி இறால் வளர்க்க நாட்டில் அனுமதி கிடைத்தது. இன்று என் தம்பி மகன் இறால் பண்ணையில் தண்ணீர் சோதிக்கிறான். அவனும் வேதியியல் பட்டதாரி. குட்டை நீர் 50 மில்லி, அதே மெத்தில் ஆரஞ்சு, 0.02 நார்மல் அமிலம். 6 மில்லி செலவானால், அதை இருபதால் பெருக்கி, காரத்தன்மை லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று செல்போன் சொல்லிவிடும்.

"இருபதால ஏன்டா பெருக்கணும்?" என்றேன்.

"ஆப்ல அப்படித்தான் இருக்கு, பெரியப்பா."

எங்களிடம் கணக்கு இருந்தது, குட்டை இல்லை. இவர்களிடம் குட்டை இருக்கிறது, கணக்கு கைநழுவுகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பேப்பரை எடுத்து உட்கார்ந்தோம். காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் அளவாகத்தான் சொல்கிறோம்; அதன் மூலக்கூறு எடை 100. அது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்பதால் சமான எடை 50. கிராமை மில்லிகிராமாக்க ஆயிரத்தால் பெருக்கினால் 50,000. அதை 0.02-ஆல் பெருக்கி, எடுத்த 50 மில்லியால் வகுத்தால் 20. அவ்வளவுதான். ஆனால் புட்டியில் இருக்கும் அமிலம் 0.025 நார்மல் என்றால் அந்த 20, 25 ஆகிவிடும். அதே 6 மில்லிக்கு விடை 150. எந்தப் புட்டியைத் திறந்தோம் என்று செல்போனுக்குத் தெரியாது. காரத்தன்மையைத் தப்பாகக் கணித்தால் குட்டையில் போடும் சுண்ணாம்பின் அளவும் தப்பாகும்.

கணக்கு பிடிபட்டதும் அவனே கேட்டான்: "மத்தியானத்துல பிஹெச் ஏன் பெரியப்பா ஏறுது?" வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் ஏறுகிறது. பிஹெச் 7-லிருந்து 8-க்குப் போனால், நீரிலுள்ள அம்மோனியாவில் இறாலைக் கொல்லும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. முதலாண்டுச் சமநிலைப் பாடம்தான் இதுவும். ஏன் பத்து மடங்கு என்பதை அவனே போட்டுப் பார்க்கட்டும் என்று நோட்டைக் கொடுத்திருக்கிறேன்.