கப்பலுக்குக் காவல், லோரிக்கு லாலாங்

(மாசாயில் ஓர் ஒட்டுக்கடை. ஒருவர் லோரி வைத்திருந்தவர்; மற்றவர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிராணி.)

லோரிக்காரர்: ஐயா, புடிச்சு வச்சிருக்கிற லோரியப் போய்ப் பாத்தேன். லாலாங் இடுப்பு உயரம். பேட்டரியக் காணோம். பின் டயருக்குள்ள மழைத்தண்ணி, கொசுப்புழு நெளியுது.

கிராணி: பொறு தம்பி. மானிய டீசல் கடத்துன லோரி. சாட்சிப் பொருள். கேஸ் முடியற வரைக்கும் அரசாங்கம் பத்திரமா வச்சிருக்கும்.

லோரிக்காரர்: கடத்துனவன் என் மச்சான், நான் இரவல் குடுத்த பாவி. அது கெடக்கட்டும். என் வீட்டுப் பூச்சட்டியில புழு இருந்தா 500 வெள்ளி கொம்பவுண்ட். லோரியில நெளியுற புழுவுக்கு யாரு பேர்ல எழுதுவாங்க?

கிராணி: வண்டி யாரு பேர்ல இருக்கோ... (தே தாரிக்கை ஒரு வாய் குடித்து) அரசாங்கத்துக்குப் பராமரிக்கத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. 1எம்டிபி கேஸ்ல ஈக்குவானிமிட்டி கப்பல் 2018 ஆகஸ்டுல கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துச்சே! நீச்சல்குளம், சினிமாக் கொட்டகை, ஹெலிகாப்டர் எறங்க மேடை. கடல்சார் வழக்கு கோர்ட் பொறுப்புல எடுத்து, மாலுமிகள வச்சு, காப்புறுதி கட்டி, எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்திப் பாத்துக்கிட்டாங்க.

லோரிக்காரர்: யானை படுத்தாலும் குதிரை மட்டம்! கேஸ் முடியற வரைக்கும் வச்சிருந்தாங்களா?

கிராணி: எங்க? நிறுத்தி வச்சா செலவு தின்னுடும். 2019 ஏப்ரல்ல கெந்திங்குக்கு 12.6 கோடி அமெரிக்க டாலருக்கு வித்துட்டாங்க. மொதல்ல வாங்குன வெல சுமார் 25 கோடி.

லோரிக்காரர்: ஏசி போட்டு, ஆள் வச்சுப் பாத்தும் பாதி வெலதான். அப்ப லாலாங்குல கெடக்கிற என் லோரிக்கு?

கிராணி: அழுகிப் போற பொருளா இருந்தா மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி முன்கூட்டியே விக்கலாம். சட்டத்துல எடம் இருக்கு.

லோரிக்காரர்: தக்காளி அழுகும்னு தெரிஞ்ச சட்டத்துக்கு இரும்பு துருப்புடிக்கும்னு தெரியாதா ஐயா?

கிராணி: (மௌனம். பிறகு) நான் வேலை பார்த்த காலத்துல அப்படி விக்க மனு போடுற பாரத்த யாரும் கேட்டு வந்ததில்ல.

லோரிக்காரர்: நான் வர்றேன். சீல் குத்துற அன்னைக்கே ஒண்ணு, பாத்துக்க ஆளப் போடுங்க. இல்ல, வித்துக் காச பேங்குல போடுங்க. கேஸ்ல நான் தோத்தா நீங்களே எடுத்துக்குங்க. ஜெயிச்சா காசாவது குடுங்க. துருவையும் கொசுவையும் திருப்பிக் குடுக்காதீங்க!