ஒரு வெள்ளி தொண்ணூற்றொன்பது காசு

மின்சாரக் காரைப் பற்றி ஜொகூரில் நடக்கும் விவாதங்களில் பாதி, அது தீப்பிடிக்குமா என்பதில் தொடங்கி, கோலாலம்பூர் போய்ச் சேருமா என்பதில் முடிகிறது. கல்யாண விருந்தில் ரசம் வருவதற்குள் இரண்டு கேள்விக்கும் தீர்ப்பு வழங்கிவிடும் மாமாக்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் அந்தக் காரின் உண்மையான எதிரி நெருப்பும் இல்லை, தூரமும் இல்லை. 1.99 என்ற எண்தான். 2025 செப்டம்பர் 30 முதல், மலேசியக் குடிமகன் அடையாள அட்டையைச் செருகினால் மாதம் 300 லிட்டர் வரை ரோன்95 பெட்ரோலை லிட்டர் ஒரு வெள்ளி தொண்ணூற்றொன்பது காசுக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. அதற்கு முன் விலை 2.05. மானியத்தை வெட்டப்போகிறோம் என்று ஆண்டுக்கணக்கில் பயமுறுத்திவிட்டு, கடைசியில் ஆறு காசு குறைத்துக் கொடுத்த அரசாங்கம் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை. இந்த விலையோடு போட்டி போட வந்திருக்கும் மின்சாரக் காரின் நிலை, அன்னதானம் நடக்கும் கோவிலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை திறந்தவரின் நிலைதான். சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூட்டம் எதிர்ப்பக்கம்தான் நிற்கும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கூலாயில் வீடு, ஜொகூர் பாருவில் வேலை என்று மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஒருவர். மைவி மாதிரி ஒரு சின்னக் கார் நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடித்தால், மாதப் பெட்ரோல் செலவு 194 ரிங்கிட். அதே தூரத்துக்குச் சின்ன மின்சாரக் கார் ஒன்றுக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 250 யூனிட் வேண்டும். 2025 ஜூலையில் வந்த புதிய தெனாகா கட்டணப்படி வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 காசு. ஆக 110 ரிங்கிட். மிச்சம் 84. கைதட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். மைவியின் உச்ச வகை அறுபதாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2025 அக்டோபரில் வந்த புரோட்டோன் இமாஸ் 5 காரில், சின்ன பேட்டரி போதாது, பெரியதுதான் வேண்டும் என்றால் எழுபதாயிரத்தைத் தாண்ட வேண்டும். வித்தியாசத்தைப் பதின்மூன்றாயிரம் என்று வைப்போம். ஆயில் மாற்றும் செலவு இல்லாததால் மாதம் இன்னொரு 36 ரிங்கிட் மிஞ்சுவதாகத் தாராளமாகவே கணக்கிட்டால், மொத்த மிச்சம் மாதம் 120. போட்ட பணம் திரும்ப 108 மாதம், அதாவது ஒன்பது ஆண்டு ஆகும். நம் நாட்டில் கார் கடனுக்குக் கொடுக்கும் அதிகபட்சத் தவணையும் ஒன்பது ஆண்டுதான். கடன் தீரும் மாதத்தில் லாபம் ஆரம்பிக்கிறது. எட்டு ஆண்டு பேட்டரி உத்தரவாதம் அதற்கு ஓராண்டு முன்பே முடிந்திருக்கும். சாலை வரியில் மிச்சம் பிடிக்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1.5 லிட்டர் பெட்ரோல் காருக்கு ஆண்டு வரியே 90 ரிங்கிட்தான். மின்சாரக் கார்களுக்கு இருந்த முழு வரி விலக்கும் 2025 டிசம்பரோடு போய், இப்போது மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வசூலிக்கிறார்கள்.

இதைவிட ருசியானது பெரோடுவாவின் கணக்கு. நாட்டில் அதிகமாகக் கார் விற்கும் நிறுவனம் 2025 டிசம்பர் 1 அன்று தன் முதல் மின்சாரக் காரான கியூவி-இ-யை வெளியிட்டது. விலை 80,000 ரிங்கிட், பேட்டரி நீங்கலாக. பேட்டரி மாதம் 275 ரிங்கிட் வாடகைக்கு, ஒன்பது ஆண்டு. கார் நம்முடையது, அதை நகரவைக்கும் பொருள் அவர்களுடையது. பேட்டரி பழுதானால் அது அவர்கள் தலைவலி, பழைய பேட்டரிக்கு யார் பொறுப்பு என்ற பயம் நமக்கு வேண்டாம் என்பது இதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன கூலாய்க்காரரின் மொத்தப் பெட்ரோல் செலவே 194. வீட்டு மின்சாரத்துக்குக் கொடுக்கும் 110-ஐ விட்டுவிட்டாலும், வெறும் வாடகையே அந்த 194-ஐத் தாண்டுகிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க வாங்கிய கார், நிறுத்தி வைத்திருக்கும் மாதத்திலும் பெட்ரோல் செலவைவிட அதிகம் கேட்கும். அந்தக் காருக்கு மைவியைவிட இழுவையும் அதிகம், அமைதியும் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வாங்காதீர்கள்.

பெட்ரோல் என்றைக்கும் 1.99-இலேயே நிற்குமா என்று கேட்கலாம். நிற்காது, மானியம் என்பது அரசியல். ஆனால் ஒன்பது ஆண்டுக் கடன் முடிவதற்குள் எப்படியும் ஒரு பொதுத் தேர்தலாவது வந்துவிடும், தேர்தலுக்கு முன் பம்பில் கைவைக்கும் தைரியம் யாருக்கும் கிடையாது. மின்கட்டணமும் கல்வெட்டு இல்லை. எரிபொருள் விலைக்கேற்ப அதை மாதாமாதம் சரிசெய்யும் முறையும் 2025-இல்தான் வந்தது. சிங்கப்பூர் போகும் காஸ்வே நெரிசலில் மின்சாரக் காருக்குத்தானே லாபம் என்பது இதைவிட வலுவான வாதம். நகராமல் நிற்கும் காரில் குளிரூட்டி மட்டும்தான் மின்சாரம் தின்னும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளிக்கு மேல் போகாது. சிங்கப்பூர்க் கார்கள் நாட்டை விட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற அந்நாட்டுச் சட்டத்திலிருந்தும், தொட்டியே இல்லாத கார் தப்பிவிடும். வாதம் சரி, ஆள்தான் சரியில்லை. தினமும் காஸ்வே தாண்டும் ஜொகூர்க்காரர்களில் பெரும்படை மோட்டார் சைக்கிளில் போகிறது. மிச்சப்பேரும், புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்து நிமிடத்தில் போகும் ஆர்டிஎஸ் ரயிலை 2026 கடைசியில் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அதுவும் மின்சாரம்தான், பேட்டரி வாடகையும் கிடையாது.

மாமாக்களின் கோலாலம்பூர்க் கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர். பெரிய பேட்டரிக் கார் ஒரு முறை நின்றால் போய்விடும். நிற்கும் இருபது, முப்பது நிமிடத்தில் ஒரு தே தாரிக்கும் இரண்டு ரொட்டி சானாயும் முடிந்துவிடும், இடுப்புக்கும் நல்லது. தீபாவளிக்கு முந்தைய நாள் மட்டும் உங்களுக்கு முன்னால் நான்கு கார்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். 2025-க்குள் பத்தாயிரம் சார்ஜிங் முனைகள் என்று போட்ட இலக்கு பாதி வழியில்தான் நின்றது. மின்சாரமே பொந்தியான் பக்கத்துத் தஞ்சோங் பின் நிலையத்தில் நிலக்கரி எரித்து வருவதுதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் முக்கால் பங்கைச் சூடாகவே வீணாக்குகிறது. மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் சிகாமட்டும் மூழ்கியது மாதிரி வெள்ளம் வந்தால், இரண்டு காருக்கும் வெள்ளக் காப்புறுதி தனியாக எடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உண்மையில் ஜொகூரில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கார் இரவில் எங்கே தூங்கும் என்பது. தாமானில் தரைவீடு, வாசலில் போர்ச், சுவரில் சார்ஜர் என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லும். ஐந்து மாடி பிளாட்டில் நான்காவது மாடி என்றால் செல்லாது. அங்கிருந்து வயரைத் தொங்கவிட முடியாது; காண்டோவில் சார்ஜர் வைக்க ஜேஎம்பி என்ற நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும், லிஃப்ட் ரிப்பேருக்கே மூன்று கூட்டம் தேவைப்படும் இடம் அது. வெளியே விரைவு சார்ஜரை நம்பினால் யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 40 காசு அளவில் கேட்கும், 250 யூனிட்டுக்கு 350 ரிங்கிட். மைவிக்காரரின் 194-க்கு எதிரே இது. மாதம் எண்பது வெள்ளி மிச்சம் தேவைப்படுகிறவர் பெரும்பாலும் பிளாட்டில் இருக்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்யூவி வாங்கத் தயாராக இருப்பவருக்கோ போர்ச்சும் இருக்கிறது, புரோட்டோன் இமாஸ் 7 மாதிரியான காரில் பெட்ரோல் எஸ்யூவியோடு விலை வித்தியாசமும் இல்லாமல் போகிறது. முதல் நாளே லாபம்.

அந்த அதிர்ஷ்டசாலியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். சார்ஜர் பொருத்தும் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை 2027 வரைக்கும் வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் தெனாகா பில்லை எடுத்துப் பாருங்கள். மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் பத்து ரிங்கிட் சில்லறைக் கட்டணம் சேரும், 1,500-ஐத் தாண்டினால் யூனிட் விலை பத்து காசு ஏறும். இரவு பத்து மணிக்கு மேல் மலிவுக் கட்டணம் வேண்டுமென்று நேரவாரித் திட்டத்துக்கு மாறினால் காருக்கு மாதம் ஆறு வெள்ளி போல மிஞ்சும். அந்தத் திட்டத்தில் விலை ஏறும் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை வீட்டில் ஓடும் மூன்று ஏர்கோன்கள் அந்த ஆறு வெள்ளியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.