இரவல் பைனாகுலர்

குடும்பஸ்தன் பறவை பார்ப்பதானால் தனியாகப் போக வேண்டும். குடும்பத்தோடு போனால் வேடிக்கைப் பொருள் பறவை அல்ல, அவன்தான்.

பங்குனி வெயிலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வேடந்தாங்கலுக்குக் கிளம்பியது என் யோசனை. ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியதுமே எனக்குப் பறவை நிபுணர் சலீம் அலியின் களை வந்துவிட்டது. ஏரிக்கரையில் நடந்தபடி, "ஏரி என்னவோ சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, ஊரார் முறையிட்டதைக் கேட்டு, இங்கே பறவைகளைச் சுடக் கூடாதென்று கலெக்டர் லயனல் பிளேஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தாச்சு" என்று ஆரம்பித்தேன். 'ம்' கொட்டியபடியே என் மனைவி பைனாகுலரைக் கழற்றிக்கொண்டாள்.

"அந்தக் கடப்ப மரத்திலே நிக்குதே, அதோட அலகு ஏன் நடுவிலே மூடவே மாட்டேங்குது?"

"நத்தைகுத்தி நாரைம்மா" என்றார் கரையில் நின்ற காவலர். "குஞ்சா இருக்கறப்ப அலகு ஒழுங்கா மூடும். வளர வளரத்தான் இடைவெளி விழும்."

"வயசாக ஆக வாய் மூடாது" என்று அதை எனக்குச் சுருக்கித் தந்தாள்.

பேச்சை மாற்றப் பார்த்தேன். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர், பாயும் வயலுக்கு உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காப்பாற்றுகிறார்கள், தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை என்றேன்.

"சும்மா உட்கார்ந்திருந்தாக்கூட ஊருக்குப் பிரயோஜனம்!" என்றாள், ஏரியை விட்டு என்னைப் பார்த்து.

எதிர் மரத்துக் கூட்டில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு இறக்கைகளையும் குடையாக விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் ஒடுங்கிக் கிடந்தன வெள்ளைக் குஞ்சுகள். அதன் ஜோடி குச்சியோடு வந்து இறங்கியது.

"இதிலே எது ஆண்?"

"பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தாம்மா இருக்கும்."

"செய்யற வேலையை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதா?"

"எப்படிம்மா? அடைகாக்கறது, இரை கொண்டாறது எல்லாத்தையும் ரெண்டுமே மாத்தி மாத்திச் செய்யுதே!"

"எங்க வீட்டிலே அந்தக் குழப்பமே கிடையாது."

காவலருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நான் கூழைக்கடாவைத் தேடுகிற பாவனையில் திரும்பிக்கொண்டேன். கண்ணாடி இல்லாத என் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் எல்லாமே கொக்குதான்.

நீங்களும் போய்வாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். காலையோ சாயங்காலமோ உத்தமம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். பைனாகுலர் இரவல் வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றுதான் கிடைத்ததென்றால், யார் கேட்டாலும் கழுத்திலிருந்து கழற்றாதீர்கள்.