தலைக்கு எண்ணும் ஊரில் ஆறு பேர்

ஸ்டுட்கார்ட்,
ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஐரோப்பாவில் பத்து நாள் தங்க இடம் பார்க்கச் சொல்லி நான்கு நிபந்தனை எழுதியிருக்கிறீர்கள்: இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஊர் நடுவில் இருக்க வேண்டும், வாடகை சல்லிசாக இருக்க வேண்டும், ஆறு பேருக்கு இரண்டு ரூம் போதும். முதல் மூன்றும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து வராது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வில்லங்கம் நாலாவதில்தான் இருக்கிறது. பழனியில் லாட்ஜ் எடுத்தால் ஒரு டபுள் ரூமில் கட்டிலில் இரண்டு பேர், தரையில் பாய் விரித்து மூன்று பேர், குழந்தை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. மேனேஜர் கண்டுகொள்ள மாட்டார். மனது வைத்தால் ஒரு தலையணைகூட மேலே அனுப்புவார். இங்கே வாடகை அறைக்கு என்று போட்டிருந்தாலும் கணக்கு தலைக்குத்தான். இரண்டு பேருக்கான அறை என்றால் இரண்டே பேர். மூன்றாவது ஆளுக்கு மடக்குக் கட்டில் போட இடமிருந்தால் போடுவார்கள், நாலாவது ஆளுக்கு இன்னொரு அறை. வரவேற்பு மேஜையில் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஜெர்மன் குடிமக்களுக்கு அந்தப் படிவத்தை 2025 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, அப்பத்தாவைப் போர்வைக்குள் மறைத்து உள்ளே கூட்டிப் போகும் யோசனை ஏதாவது இருந்தால் மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வாடகையோடு போவதில்லை, வரியும் உண்டு. ரோமில் தலைக்கு, இரவுக்கு என்று விடுதியின் தரத்தைப் பார்த்து வசூலிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் ஆளுக்கு 10 யூரோ. பத்து வயதுக்குக் கீழே விலக்கு என்பதால் நம் வீட்டில் லாபம் பேத்திக்கு மட்டும். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் வாடகையில் 12.5 சதவீதம். பெர்லினில் 2025 முதல் 7.5 சதவீதம். வெனிஸில் இன்னும் ஒரு படி மேலே போய், ஊரில் தங்காமல் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களிடமும் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்க 2024-ல் ஆரம்பித்துவிட்டார்கள். இரவு தங்கினால் அந்தக் கட்டணம் இல்லை, தங்கும் வரி உண்டு. எப்படி வந்தாலும் பிடிபடுவோம். இதையெல்லாம் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. ‘சல்லிசான ரூம்’ என்று தேடுவதே தவறான தேடல் என்பது என் கட்சி. ஆறு பேர் வந்தால் காசு மூன்று ஓட்டைகளில் ஒழுகும்: தலைக்கணக்கு ஒன்று, மூன்று வேளைச் சாப்பாடு ஒன்று, ஊர் ஊராக மூட்டை கட்டுவது ஒன்று. அறை வாடகையில் பேரம் பேசி முதல் ஓட்டையில் பாதியை அடைக்கலாம், அவ்வளவுதான். சின்ன ஊர் ஒன்றில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அடுப்புள்ள ஒரு விடுமுறை வீட்டை எடுத்துக்கொண்டு பத்து இரவில் எட்டை அங்கேயே கழித்தால் மூன்றும் அடைபடும்.

மூட்டை கட்டும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, அதனால் அதை முதலில் சொல்கிறேன். பொதுவாகக் காலை பத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் சாவி. இடைப்பட்ட நேரத்தில் ஆறு பேரும் ஆறு பெட்டியும் ரயிலடி பெஞ்சில். பெட்டிகளை லாக்கரில் பூட்டினால் அதற்குக் காசு, பூட்டாவிட்டால் ஒருவர் காவல். கழிப்பறைக்கும் காசு. பத்து நாளில் ஐந்து ஊர் மாறினால் நாலு பகல் இப்படியே போகும். விடுமுறை வீடுகளில் இன்னொன்று: கடைசிச் சுத்தம் என்று ஒரு தொகை தனியாக வாங்குவார்கள், இரண்டு நாள் தங்கினாலும் அதே தொகை, எட்டு நாள் தங்கினாலும் அதே தொகை. ஒரு பேச்சுக்கு 80 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்கு இரவு ஒன்றுக்கு 40, எட்டு இரவுக்கு 10. படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு கேட்கும் வீடுகளும் உண்டு, அதையும் ஒருமுறை கொடுத்தால் போதும். விசாவுக்கும் இதில் நன்மை இருக்கிறது. ஷெங்கன் விண்ணப்பத்தில் எந்தெந்த இரவு எங்கே படுப்பீர்கள் என்று காட்ட வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு இரவு ஜெர்மனி, இரண்டு இரவு பிரான்ஸ் என்றால் எந்தத் தூதரகம் என்ற குழப்பமே வராது, காட்ட வேண்டிய காகிதமும் குறையும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறிலிருந்து பதினொரு வயதுவரை 45. பெரியவர்கள் ஐந்து பேர், பேத்தி ஒருத்தி: 495 யூரோ, விண்ணப்பத்தை வாங்கித் தூதரகத்துக்குக் கொடுக்கும் கம்பெனியின் சேவைக் கட்டணம் தனி. இவ்வளவு கொடுத்துவிட்டு விசா தாமதமானால் என்ன செய்வது என்பதற்காக, இலவசமாக ரத்து செய்ய விடும் வீடாகவே பார்க்க வேண்டும். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

இனி அடுப்பு. ‘ஹோட்டலில் காலைச் சாப்பாடு ஃப்ரீ, அதையே ஒரு பிடி பிடித்தால் மதியம்வரை தாங்கும்’ என்று தம்பி எழுதியிருந்தான். பல இடங்களில் அது ஃப்ரீ இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று வாடகையில் ஏறும். இல்லாவிட்டால் தனியாக எழுதுவார்கள். ஃப்ரீ என்றே வைத்துக்கொள்வோம். ரொட்டி, சீஸ், குளிர்ந்த பன்றி இறைச்சி, முட்டை, தயிர். முதல் நாள் சித்தி புகைப்படம் எடுப்பார். மூன்றாம் நாள் அப்பத்தா தயிரைப் பார்த்துச் சோறு எங்கே என்று கேட்பார். மதியம் வெளியில் மலிவாகச் சாப்பிடுவதென்றால் துருக்கிக் கடை டோனர்தான். ஒன்று 7 யூரோ என்றாலும் ஆறு பேருக்கு 42, இரவுக்கு இன்னொரு 42. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் குடிக்கிற தண்ணீரும் பில்லில் வரும். அதே 42 யூரோவுக்கு இங்கே ஆல்டி, லிடில் போன்ற கடைகளில் அரிசி, பருப்பு, தக்காளி, முட்டை, பால், தயிர், பழம் என்று இரண்டு நாளைக்கு மேல் ஓட்டலாம். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். குக்கர், சாம்பார்ப் பொடி, புளி மூன்றும் உங்கள் பெட்டியில் வரட்டும். இங்கே சமையலுக்குச் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு கூரையில் புகை கண்டுபிடிக்கும் கருவி இருக்கும். மிளகாய் வற்றலைத் தாளிக்குமுன் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கருவி அலறினால் தெருவே வரும், அதுவும் இரவு பத்து மணிக்குமேல் என்றால் கோபமாக வரும். குப்பையை நாலாகப் பிரிக்க வேண்டும். அந்த வேலையைப் பேத்தியிடம் கொடுங்கள், குழந்தைகள்தான் அதைச் சரியாகச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட்.

எந்த ஊர் என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி. கறுப்புக் காடு என்று இங்கே சொல்லும் மலைப்பகுதியில் டிட்டிஸே என்று ஓர் ஏரிக்கரை ஊர் இருக்கிறது. அங்கே தங்கினால் ஊர் வரி கட்ட வேண்டும், அதற்குக் கோனூஸ் என்ற விருந்தினர் அட்டை தருவார்கள். அந்த அட்டையைக் காட்டி அந்த வட்டாரத்தின் பஸ்களிலும் உள்ளூர் ரயில்களிலும் காசில்லாமல் போகலாம். வடக்கே கார்ல்ஸ்ரூவிலிருந்து தெற்கே பாசல்வரை செல்லும். அதிவேக ரயிலில் மட்டும் ஏற முடியாது. மற்ற ஊர்களில் வாங்கினால் போனதுதான் என்று இருக்கும் வரி இங்கே ரயிலாகத் திரும்பி வருகிறது. ஏரிக்கரையிலிருந்து ஃப்ரைபுர்க் முக்கால் மணி நேரத்துக்குள். அங்கிருந்து பாசல் இன்னும் ஒரு மணி நேரம்போல. அது சுவிட்சர்லாந்து. பாசலில் ரைன் நதியைக் கடக்கும் படகுகளுக்கு மோட்டார் கிடையாது; ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் பிணைத்து, ஓடும் நீரின் வேகத்தாலேயே அக்கரைக்கு நகரும். சித்தப்பா, அதில் ஏறி உட்கார்ந்தால் நீங்கள் இறங்க மாட்டீர்கள். வடக்கே கேல் என்ற ஊருக்கு ரயிலில் போய் டிராம் பிடித்தால் நதிக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர், பிரான்ஸ். அந்த டிராம் 2017-லிருந்து ஓடுகிறது. அதற்கு மட்டும் தனிச் சீட்டு. ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு மூன்று நாடு. இரவு வந்து ரசம்.

வீடு கிடைக்காவிட்டால் இளைஞர் விடுதி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அப்பத்தாவையும் சேர்த்துக்கொள்வார்கள். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியருக்கு 1909-ல் தோன்றிய யோசனை இது: மாணவர்களோடு நடைப்பயணம் போகும்போது இரவு தங்க மலிவான இடம் வேண்டும். 1912-ல் ஆல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டையில் விடுதி அமைந்தது, பிறகு உலகெங்கும் பரவியது. இப்போது குடும்ப அறைகள் உண்டு. நாலு பேர், ஆறு பேர் படுக்கலாம். வாடகை வெளிப்படையாகவே தலைக்கு. ஒளிவு மறைவு இல்லாத அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். காலைச் சாப்பாடு சேர்ந்தே வரும். உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். விரிப்பைக் கையில் கொடுப்பார்கள், நாமே விரித்து, கிளம்பும் நாள் நாமே உருவிக் கூடையில் போட வேண்டும். தட்டையும் நாமே எடுத்து வண்டியில் வைக்க வேண்டும். அடுக்குக் கட்டிலில் மேல் தட்டுக்குத் தம்பி. சமையல் செய்ய முடியாத இடங்கள் பல என்பதால் எட்டு இரவுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், மூன்று இரவுக்குச் சொல்வேன். டிட்டிஸேயிலும் ஒன்று இருக்கிறது.

‘ஏழு நாடு பார்க்கத்தானே இவ்வளவு செலவு, ஒரே காட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?’ என்று சித்தி கேட்பார். நியாயமான கேள்வி. பத்து நாளில் ஏழு நாடு காட்டும் டூர் கம்பெனிகள் இருக்கின்றன, மதியம் நம் சாப்பாடும் போடுவார்கள். முட்டி வலியோடு வருகிறவர்களுக்கு அது கெட்ட ஏற்பாடு இல்லை. பெட்டியைத் தூக்க வேண்டாம், பாஷை தெரிய வேண்டாம். ஆனால் அந்த விலைக்குக் கிடைக்கும் ஹோட்டல் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம்தான் இருக்கும், மாலையில் காலாற நடக்கத் தெருகூட இருக்காது. ஏழு நாட்டையும் பஸ் ஜன்னலில் பார்ப்பதற்கு மூன்று நாட்டைத் தரையில் நின்று பார்ப்பது மேல் என்பது என் எண்ணம். பாரிஸை விட முடியாது என்பது தெரியும், அதற்குத்தான் அந்த இரண்டு இரவு. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். அங்கேயும் ஈஃபில் கோபுரத்தடியில் அறை தேடாதீர்கள். பழைய கட்டடங்களின் லிஃப்டில் நீங்களும் ஒரு பெட்டியும் ஏறினால் சித்தி படியில்தான் வர வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரம் முழுக்க மெட்ரோ, ரயில் சீட்டுக்கு ஒரே விலை என்று ஆக்கிவிட்டார்கள், ஆரம்பித்தபோது 2.50 யூரோ, விமான நிலையத்துக்கு மட்டும் தனி விலை. புறநகரில் தங்குவதால் பயணச் செலவு கூடும் என்ற பழைய வாதம் அத்தோடு போயிற்று. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் பகுதி ஈழத் தமிழர் கடைகளால் ஆனது. பாரிஸில் அப்பத்தாவின் சோற்றுக்கு அங்கே வழி இருக்கிறது.

தம்பி இன்னொன்று கேட்பான்: பார்சிலோனாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஊர் நடுவிலேயே முழு வீடு வாடகைக்குக் கிடைக்கிறதே என்று. கிடைக்கிறது, ஆனால் ஊர்க்காரர்களுக்குக் குடியிருக்க வீடில்லாமல் போனதால் அரசுகள் பிடியை இறுக்குகின்றன. ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் தன் வீட்டை ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில இரவுகள்தான் பயணிகளுக்கு விடலாம், அதிகபட்சம் நாலு பேருக்கு. நாம் ஆறு பேர், கதை முடிந்தது. பார்சிலோனா தன் சுற்றுலா வீடுகளின் பத்தாயிரம் சொச்சம் உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் ஒழிக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. எந்த ஊரானாலும் உரிம எண் போடாத வீட்டையும், முன்பணத்தைத் தனியாக வங்கிக்கு அனுப்பச் சொல்லும் ஆளையும் தொடாதீர்கள். ‘ஆறு பேர் தங்கலாம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் கட்டில்களை எண்ணுங்கள். பாதி வீடுகளில் அது ஒரு படுக்கையறையும் கூடத்தில் விரிக்கும் இரண்டு சோபாவும்தான். குளியலறை எத்தனை என்றும் பாருங்கள். ஆறு பேருக்கு ஒன்று என்றால் எட்டரை மணி ரயிலை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததையும் படித்தேன்: ‘உன் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு?’ இதற்கும் காரண காரியத்தோடு பதில் சொல்ல வேண்டும். வந்து இறங்கும் அசதிக்கு இரண்டு இரவு கட்டாயம் இங்கேதான். அந்த எட்டிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு இரவு காட்டுக்குப் போகட்டும். எட்டும் இங்கேயே என்றால் வாடகை மிச்சமாகும், ரயில் செலவு ஏறும். ஸ்டுட்கார்ட் அந்தக் கோனூஸ் அட்டையின் எல்லைக்கு வெளியே, பாசல் போய்வருவதற்குள் பகல் முடிந்துவிடும். கீழ் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அம்மி அரைக்கும் சத்தத்தைத் தாங்க மாட்டார் என்பதையும் ஒரு காரணமாக எழுதலாம், ஆனால் அது இல்லாமலே கணக்கு சரியாக வருகிறது.

இனி எனக்கு வேண்டியது தேதிதான். எங்கள் மாநிலத்துப் பள்ளிகளுக்குப் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இரண்டு வார விடுமுறை. மே பிற்பாதியிலோ ஜூனிலோ வரும், அப்போது கறுப்புக் காட்டில் மாட்டுத் தொழுவத்துக்கும் விலை ஏறும். நம் ஊரில் பேத்திக்குப் பள்ளி திறப்பதும் ஜூனில்தான். அதனால் மே முதல் பாதியில் கிளம்ப முடியுமா என்று தம்பியின் லீவைக் கேட்டு எழுதுங்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். எல்லோர் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும், அப்பத்தா எத்தனை படி ஏறுவார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். இங்கே முதல் மாடி என்று போட்டிருந்தால் ஒரு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் உண்டா என்று நான் விசாரித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்